வரிசையின் கடைசி ஆள்

டோரோ அண்ணன் சாகக் கிடந்த நேரத்தில், அவருடைய அணியின் கணக்கில் அவர் நல்ல உயிரோடு வரிசையின் கடைசியில் நடந்துகொண்டிருந்தார். "ஐந்து பேர், எல்லாரும் இருக்கிறோம்" என்று கமாண்டர் ஹெர்மோ வாக்கிடாக்கியில் சொன்னார். பொய்யில்லை. ஐந்து பேர் இருக்கத்தான் செய்தார்கள். ஐந்தாவது ஆள் நான்.

கமாண்டர் என்றதும் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். ஹெர்மோ எஸ்கான்யோ மணிலாவில் அடுக்குமாடி வீடு விற்கிற ஏஜென்ட். புத்தாண்டு வெடிச் சத்தத்துக்கே நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார் என்று அவர் மனைவியே என் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏர்சாஃப்ட் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டால் போதும், ஆளின் நடை மாறிவிடும், குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிடும். சிறுநீர் கழிக்கப் போவதற்குக்கூட ஒரு கைச்சைகை வைத்திருந்தார்.

அந்தத் துப்பாக்கி சுடுவது மிளகை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு. பட்டால் சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். பட்டது யாருக்கும் தெரியாது, பட்டவனுக்குத்தான் தெரியும். அதனால் பட்டவனே கையைத் தூக்கி "பட்டுடுச்சு" என்று கத்த வேண்டும். தலையில் சிவப்புத் துணியைப் போட்டுக்கொண்டு ஒதுங்கி உட்கார வேண்டும். துணி போட்டவன் செத்தவன். செத்தவன் பேசக் கூடாது, செத்தவனிடம் யாரும் பேசவும் கூடாது. பட்டும் சொல்லாமல் விளையாடுகிறவனை 'பிணம்' என்போம். திருடனோடுகூட எங்கள் ஆட்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள், பிணத்தோடு சாப்பிட மாட்டார்கள்.

மணிலாவுக்குப் பக்கத்து ஊரான தனாயின் சந்தையில் என் தையல் கடை. இந்த வட்டாரத்தில் போலிப் படைவீரர்கள் மாட்டிக்கொள்கிற மேலங்கி, குண்டுப் பை, இடுப்புப் பட்டை எல்லாம் என் தையல்தான். யாருக்கு என்ன வீரம் என்று எனக்குத் தெரியாது, என்ன இடுப்பு என்று தெரியும். கடைக்கு எதிரே கூடைப்பந்து மைதானம். அங்கேதான் சனிக்கிழமைதோறும் கமாண்டர் தன் நான்கு பேருக்குப் பயிற்சி கொடுப்பார். ஒருவன் சுட, மற்றவன் ஓட. முன்னால் இருப்பவன் வரிசையிலிருந்து விலகிப் பின்னால் போய்ச் சேர. பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் ஊன்றிச் சத்தமில்லாமல் நடக்க. நின்று, உட்கார்ந்து, கேட்டு, பிறகு நகர. எல்லாவற்றையும் நான் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்று வருடம் பார்த்தேன். அவருடைய ஆட்கள் கற்றுக்கொண்டதைவிட நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு நடுநடுவே போட்டோ எடுக்கிற வேலை இருந்தது.

ஒரு முறை துணிந்து நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்டேன். கமாண்டர் ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நார்சிசா மேடம் தைக்கட்டும். சுடறத நாங்க பாத்துக்கறோம். பட்டன் பிஞ்சா கூப்பிடறோம்." எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், டோரோ அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து ஷூ கயிறைக் கட்டினார்.

அந்த வீம்பில்தான் மீன் கடை பெபாங்கைச் சேர்த்துக்கொண்டு ஓர் அணி கட்டினேன். 'மார்க்கெட்' என்றே பெயர் வைத்தோம். வாரம்தோறும் அடி வாங்கி வாங்கியே காட்டைப் படித்தேன். புதரைச் சுற்றி எட்டிப் பார்ப்பவன் சாவான், புதருக்கு ஊடே பார்ப்பவன் பிழைப்பான். மேட்டின் விளிம்பில் நின்றால் ஆகாயம் காட்டிக்கொடுக்கும். எறும்பு கடித்தாலும் அசையாதவன்தான் ஆள். இதெல்லாம் கமாண்டரின் கைப்புத்தகத்திலும் இருந்தது. அவர் அதை வாசித்தார், அவ்வளவுதான்.

ஆனாலும் மூன்று வருடமாக ஏப்ரல் பெரிய ஆட்டத்தில் அவரே ஜெயித்தார். எதிரியின் கொடியை எடுப்பதுதான் ஆட்டம், அவர் தன் கொடியை ஒளித்து வைக்கிற இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் நீளமாக வாழையிலை விரித்து, சோறும் மீனும் கொட்டி, எல்லோரும் நின்றபடி கையால் சாப்பிடுவோம். தோற்ற அணி ஜெயித்த அணிக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் நான் அந்த மனிதருக்கு முள் எடுத்துக் கொடுத்தேன். ஒரு முள் விட்டுப்போயிருந்தால் ஊரே கேட்க "மேடம், கண்ணு சரியில்லையா?" என்பார்.

இந்த வருடம் அவருடைய அணிக்குப் புதுச் சீருடை. துணி அவரே வாங்கி வந்தார். ஐந்து பேருக்கு வெட்டியது போக மிச்சம் இருந்தது. அதில் எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன். பழைய கல்குவாரிக்குப் பின்னால் இருக்கிற மலையில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது, அந்தச் சீருடையும் முகம் முழுக்க மூடுகிற முகமூடியுமாக நான் ஒரு புதரில் படுத்திருந்தேன்.

கமாண்டரின் வரிசை பதினொன்றரைக்கு வந்தது. முன்னால் அவர், பின்னால் கார் விற்கிற ஒருவன், கணக்கு வாத்தியார் ஒருவர், பல் டாக்டர் ஆர்செனியோ, கடைசியில் டோரோ அண்ணன். கமாண்டர் மனைவியின் அண்ணன் அவர், பள்ளிக்கூட குமாஸ்தா. நூற்றுப் பத்து கிலோ. அவர் காற்சட்டையில் நான் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. "உடம்பு குறையட்டும்னு தங்கச்சி சேத்து விட்டா" என்று அளவு கொடுக்கும்போது கூச்சப்பட்டார்.

என் புதருக்குப் பத்தடி தள்ளி அவர் நின்றுவிட்டார். வரிசை போய்க்கொண்டே இருந்தது. கமாண்டரின் சட்டப்படி யாரும் பின்னால் திரும்பக் கூடாது. அவனவன் தன் பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். திரும்பினால் முப்பது தண்டால். டோரோ அண்ணன் மரத்தடியில் மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தார். முகமூடியைக் கழற்றினார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாருமே சுடாமல், பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்துத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. களைத்துப்போனவர்கள் செய்கிற வேலைதான் இது. மச்சானிடம் முடியவில்லை என்று சொல்ல வெட்கம். செத்துவிட்டால் ஒருவனும் கேள்வி கேட்க மாட்டான். அவர் முகம் வெந்த இறால் மாதிரிச் சிவந்திருந்தது. அந்த வெயிலில், அந்த உடம்பில், ஒரு சொட்டு வேர்வை இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு, வரிசையின் வாலில் ஒரு காலி இடம் கிடைத்ததே, இனி கொடிக்கு இவர்களே வழி காட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். மணி பதினொன்று நாற்பது. எழுந்து, பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி, பல் டாக்டருக்கு ஐந்தடி பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

நூற்றுப் பத்து கிலோ போன இடத்தில் ஐம்பத்திரண்டு கிலோ வந்து நின்றது. ஒருவருக்கும் தெரியவில்லை. பேசக் கூடாது என்பது அவர்கள் சட்டம், அதனால் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கமாண்டர் முன்னால் முஷ்டியைத் தூக்குவார், எல்லோரும் உட்காருவார்கள். இரண்டு விரலை ஆட்டுவார், எல்லோரும் எழுவார்கள். ஒரு முறை விரலை மாற்றி ஆட்டிவிட்டார் போலிருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், ஒருவர் படுத்தார், பல் டாக்டர் ஓடினார். நான் முகமூடிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு மணிக்கு மூன்று நீள விசில் கேட்டது. மலை முழுக்க எதிரொலித்தது. கமாண்டரின் வாக்கிடாக்கியில், ஆட்டத்தை நடத்துகிற மார்ஷலின் குரல்: "வெயில் மண்டையப் பொளக்குது. எல்லா அணியும் நின்னு, செத்தவனையும் சேத்து ஆளை எண்ணுங்க. எண்ணிட்டு எங்கிட்ட சொல்லுங்க. ஒருத்தன் கொறஞ்சாலும் ஆட்டத்த நிறுத்திட்டுத் தேடணும், புரியுதா?"

வேறு எந்த அணியாக இருந்தாலும் தலைவன் திரும்பி நின்று முகங்களைப் பார்த்து எண்ணியிருப்பான். கமாண்டருக்கு அது கேவலம். அவருடைய முறை தட்டல் முறை. கடைசி ஆள் தனக்கு முன்னால் இருப்பவன் தோளில் ஒரு தட்டு தட்டுவான். அவன் தனக்கு முன்னால் இருப்பவனை இரண்டு தட்டு. அப்படியே போய், கமாண்டர் தோளில் நான்கு தட்டு விழுந்தால் அவரையும் சேர்த்து ஐந்து. கூடைப்பந்து மைதானத்தில் இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். எங்கே தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைசி ஆளிடமிருந்து.

பல் டாக்டரின் தோள் எனக்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தது.

நான் தட்டாமல் நின்றிருந்தால் போதும். வாயைக்கூடத் திறந்திருக்க வேண்டாம். வேர்வையில்லாத அந்த முகம் ஒரு நொடி கண்ணுக்குள் வந்தது. கூடவே வாழையிலையும் வந்தது, முள் எடுத்த மீனும், "கண்ணு சரியில்லையா"வும். நிழலில்தானே உட்கார்ந்திருக்கிறார், தூங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடி இருக்கிற இடத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருக்கும். தட்டினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கமாண்டர் வாக்கிடாக்கியைத் தூக்கினார். "ஐந்து பேர், எல்லாரும் இருக்கிறோம். உறுதி."

கொடியை அவர் ஒளித்து வைத்திருந்தது குவாரியின் பழைய வெடிமருந்து அறையில். வாசலை மறைத்து ஒரு பெரிய ஃபிளெக்ஸ், அதன்மேல் கிளைகள். ஃபிளெக்ஸில் கமாண்டரே கறுப்புக் கண்ணாடியோடு துப்பாக்கி பிடித்து நின்றார், கீழே ஒரு தொத்திறைச்சிக் கடையின் விளம்பரம். எல்லோரும் உள்ளே போய் நிழலில் மூச்சு விட்டார்கள். நான் பின்னாலிருந்து தொடங்கினேன். எங்கள் விதிப்படி பக்கத்தில் வந்து தோளைத் தட்டி "செத்துட்ட" என்று சொன்னால் அது கத்திக்குத்து. பல் டாக்டரைத் தட்டினேன். மனிதர் அதை எண்ணிக்கைத் தட்டு என்று நினைத்து, முன்னால் இருந்த வாத்தியாரை இரண்டு தட்டு தட்டினார்.

"யோவ் டாக்டரே, நீ செத்துட்டய்யா!" என்றேன்.

பெண் குரலைக் கேட்டு நால்வரும் திரும்பினார்கள். அன்றைக்கு அவர்கள் திரும்பியது அதுதான் முதல் தடவை. அதற்குள் மற்ற மூவரையும் தட்டிவிட்டு, கொடியைப் பிடுங்கி, முகமூடியைக் கழற்றினேன். கமாண்டரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாங்கின வீட்டுக்குக் குடிவர வந்தவன் உள்ளே வேறு குடும்பம் சமைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்த மாதிரி நின்றார்.

"இது செல்லாது! எதிரியோட சீருடையப் போட்டுக்கிட்டு வந்தா அது போர்க்குற்றம் தெரியுமா? சர்வதேசச் சட்டம்!"

"சட்டத்த நான்தான் தச்சேன் கமாண்டர். காலர் உங்களுக்குக் கொஞ்சம் இறுக்குதா?"

"மேடம், மரியாத!"

"மூணு வருஷமா முள்ளு எடுத்துக் குடுத்த மரியாத போதாதா? இன்னிக்கு எனக்கு நீங்க எடுங்க. கண்ணு நல்லா இருக்கில்ல?"

இப்படியே பத்து நிமிஷம் போயிருக்கும். போர்க்குற்றமா இல்லையா என்று கார் விற்கிறவன் போனில் தேடவே தொடங்கிவிட்டான். கணக்கு வாத்தியார்தான், தொழில் பழக்கமோ என்னவோ, மெதுவாகக் கேட்டார்:

"அப்ப டோரோ எங்க?"

நான்தான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "அவரு அப்பவே செத்து மரத்தடியில நிம்மதியா உக்காந்துட்டாரு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் சிரிப்பு நின்றுவிட்டது.

மரத்தடியில் அவர் இல்லை. முகமூடி மட்டும் கிடந்தது, பக்கத்தில் காலித் தண்ணீர்ப் பை. சருகு கலைந்திருந்த வழியே பெபாங்கின் குரல் வந்தது. கீழே ஓடைப் பள்ளத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் இருக்கும் என்று நம்பித் தவழ்ந்து போயிருக்கிறார். ஏப்ரலில் அந்த ஓடையில் கல்தான் இருக்கும். குப்புறக் கிடந்தார், தலையில் சிவப்புத் துணி.

"ரெண்டு அணி இவரத் தாண்டிப் போயிருக்கு" என்றாள் பெபாங், மூச்சிரைக்க. "ஒருத்தன் என்ன சொன்னான் தெரியுமா? ஏதோ முனகினாராம். 'செத்தவன் பேசக் கூடாது பெரியவரே'ன்னு சொல்லிட்டு வந்துட்டானாம். கேட்டதும் ஓடியாந்தேன்."

காயம்பட்டவனைத் தூக்குகிற பயிற்சி கமாண்டருக்கு மனப்பாடம். மைதானத்தில் எப்போதும் பல் டாக்டர்தான் காயம்பட்டவர், நாற்பத்தெட்டு கிலோ. நூற்றுப் பத்து கிலோவைத் தோளில் போடப் போய் கமாண்டர் அதே பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், மச்சான்" என்று கன்னத்தைத் தட்டினார். எத்தனை தட்டினாலும் பதில் இல்லை. நான் ஓடிப் போய் அந்த ஃபிளெக்ஸைக் கிழித்து எடுத்து வந்தேன். கமாண்டரின் கறுப்புக் கண்ணாடி முகத்தின்மேல் டோரோ அண்ணனை உருட்டிப் படுக்க வைத்து, ஆறு பேர் பிடித்து, குவாரிச் சாலையில் நின்ற ஜீப்னி வேனுக்குத் தூக்கிப் போனோம். வண்டி போன வழியெல்லாம் பெபாங், விருந்துக்குக் கொண்டுவந்திருந்த மீன் பெட்டியின் ஐஸை அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு பேரில் உருப்படியாக ஒரு காரியம் செய்தவள் அவள்தான்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவர் தோலைத் தொட்டதும் முகம் மாறினாள்.

"வேர்வை நின்னு எவ்வளவு நேரமாச்சு?"

நான்கு போர்வீரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேரம் தெரிஞ்சாத்தான் டாக்டர்கிட்ட சொல்ல முடியும். யாருமே பாக்கலியா?"

"பதினொண்ணு நாப்பது" என்றேன்.

நர்ஸ் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினாள். கமாண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் உதடு மெதுவாக அசைந்தது. பதினொன்று நாற்பதிலிருந்து ஒரு மணி வரை எண்ணினார் என்று நினைக்கிறேன்.

டோரோ அண்ணன் பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கண் திறந்தார். அதற்குள் கமாண்டர், காணாமல் போன வீரரைத் தன் அணி முறைப்படி தேடி மீட்டதாகப் போனில் எழுதிப் போட, இருநூறு பேர் பாராட்டியும் முடித்திருந்தார்கள். தையல்காரி எதிரி வரிசையில் புகுந்து கொடி எடுத்த கதைக்கும் அதே அளவு பாராட்டு. பெபாங் மட்டும் எங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மீன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் கமாண்டர், அந்தப் பக்கம் நான்.

"விசில் கேட்டுச்சு" என்றார் டோரோ அண்ணன். குரலே இல்லை, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "மூணு விசில். ஆளை எண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சுது. நான் இல்லன்னு தெரிஞ்சிரும், மச்சான் வந்துருவாருன்னு நெனச்சேன். தேடி வர்றவங்க செத்தவன்னு நெனச்சுட்டுப் போயிரக் கூடாதுன்னு, தலையில இருந்த துணிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"ரொம்ப நேரம் வச்சிருந்தேன். யாரும் வரல. வெயில் தாங்கல. மறுபடியும் போட்டுக்கிட்டேன்."

"மச்சான், எண்ணினேன்!" என்றார் கமாண்டர். "சத்தியமா எண்ணினேன். நாலு தட்டு வந்துச்சு. இவங்க உன் எடத்துல நின்னுட்டு இருந்தாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

டோரோ அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. எனக்காக ஒரு சாக்கு தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"நீ சும்மா வெளையாட்டுக்குப் பின்னால சேந்துக்கிட்ட, இல்லம்மா? நான் அங்க உக்காந்திருந்தது உனக்குத் தெரியாதில்ல?"

கமாண்டர் அசையாமல் நின்றார். அவருக்குப் பதில் தெரியும்.

"தெரியாதுண்ணே" என்றேன்.

டோரோ அண்ணன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து கமாண்டர் என்னைப் பார்த்து, தன் அணியின் ஆளுக்கு ஆட்டுகிற மாதிரி, மெதுவாகத் தலையை ஆட்டினார்.